ஆருஷுக்குச் சொல்லாத கோடை

என் கணவர் வேலைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை நான் மூன்றாவது தடவையாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். சுவிஸில் பேர்ண் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவர். ஐந்து கிழமையாக வேலைக்கே போகாத மனிதருக்கு வேலைச் சட்டை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மகனுடைய வீடியோ அழைப்புக்குத்தான். மாலை ஏழு மணிக்கு ஆருஷ் எடுப்பான். அதற்கு முன்பே என் கணவர் குகநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு, குசினியில் சாப்பாட்டு மேசையில், யன்னல் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் வரும்படி உட்கார்ந்துவிடுவார். அப்படி இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும், கண்ணில் ஏறியிருக்கிற மஞ்சள் தெரியாது. இந்த ஏற்பாடெல்லாம் அவரே கண்டுபிடித்தது. வாழ்நாளில் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனிதர் அந்தக் கோடையில் அதில் கெட்டிக்காரர் ஆகிவிட்டார். சட்டை தொளதொளவென்று தொங்கினால் பிள்ளை கண்டுபிடித்துவிடுவான் என்பதால் தைப்பது மட்டும் என் பங்கு.

ஆருஷ் எங்கள் மூத்தவன், இருபத்துமூன்று வயது. பேர்ணுக்குப் பக்கத்தில் தூண் என்ற ஊரின் ஏரிக்கரையில் படகு கட்டும் பட்டறை ஒன்றில் நாலு வருடம் லேர என்கிற தொழிற்பயிற்சி படித்து முடித்தவன். அங்கே தன் படகைத் திருத்தக் கொண்டுவந்த பியாட் என்ற சுவிஸ்காரருக்கு அசோரெஸ் தீவில் இன்னொரு படகு இருந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே போர்த்துக்கல்காரருடைய தீவுகள் அவை. கோடையில் வசதிக்காரர்கள் அந்தப் படகை நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு மார்லின் பிடிக்கப் போவார்களாம். மூக்கு ஈட்டி போல நீண்ட, ஆளைவிடப் பெரிய மீன். ஒரு கோடைக்கு என்னோடு வேலை செய்ய வருகிறாயா என்று பியாட் கேட்டதும் இவன் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டான். யூன் பத்தாம் திகதி விமானம் ஏறினான். யூலை இரண்டாம் திகதி குகநாதனின் கணையத்தில் இருந்த கட்டியைக் கண்டுபிடித்தார்கள். விண்டர் வரைக்கும் பார்க்கலாம் என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே, கதவடியில் நின்றபடி குகநாதன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். மகனை நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவோம்.

"தம்பிக்குச் சொல்லக்கூடாது. செப்டெம்பரில வருவான்தானே. நானே சொல்லுறன்."

எங்கள் ஆட்களின் பழக்கம் இது. தூரத்தில் இருப்பவனுக்குக் கெட்ட சேதி சொல்லமாட்டார்கள். தனியே கிடந்து என்ன செய்வான், பாவம் என்பார்கள். தொண்ணூற்றாறில் நான் கிறைஸ்லிங்கன் அகதி முகாமில் இருந்தபோது ஊரில் என்னைப் பெற்ற ஐயா இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அண்ணை கடிதம் போட்டார். அந்த ஒரு மாதமும் நான் கோழிக்கறி தின்றிருக்கிறேன். சிரித்துக் கதைத்திருக்கிறேன். ஐயாவுக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டைகூட அனுப்பியிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கு இதை ஒருநாளும் செய்யமாட்டேன் என்று அப்போதே எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். செய்தேன். குகநாதன் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார். எங்கள் சின்னவள் கிருசிகாவிடமும் அப்படியே வாங்கினார். அவள் இங்கே பிறந்த பிள்ளை. தலையில் கை வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை வைத்தாள்.

நானும் முழு மனதோடு எதிர்க்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கோடையில் அவருக்கு உயிரோடு இருக்க ஒரு காரணமாக இருந்தது அந்த மீன்தான். மருந்து ஏற்றிவிட்டு வந்து இரண்டு நாள் கஞ்சிகூட இறங்காது. ஆருஷிடமிருந்து ஒரு வீடியோ வந்துவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். படகின் பின்பக்கம் ஒரு கதிரை பூட்டியிருக்கும். அதில் வாடகைக்கு வந்தவன் தன்னைப் பட்டியால் கட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் மீனோடு மல்லுக்கட்டுவான். மீன் கிட்ட வந்ததும் கடைசித் துண்டு நைலோன் நூலைக் கையுறை போட்ட கையால் எட்டிப் பிடிப்பதுதான் எங்கள் மகனுடைய வேலை. அதைக் கையில் இறுக்கிச் சுற்றிவிடக்கூடாது, மீன் திரும்பப் பாய்ந்தால் ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அவன் ஒருநாள் விளக்கியபோது நான் மேசையை விட்டு எழுந்து போய்விட்டேன். குகநாதனோ அந்த வீடியோக்களை முதியோர் இல்லத்து வேலையாட்கள் எல்லோருக்கும் அனுப்பினார்.

அவருக்கு விளங்காத ஒன்று இருந்தது. இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த மீனை அவர்கள் விட்டுவிடுவார்கள். முதுகில் ஒரு அடையாளத்தைக் குத்தி, தூண்டிலைக் கழற்றி விட்டுவிடுவார்கள். போட்டிகளில் விட்ட மீனுக்குத்தான் புள்ளி, அதற்கு வீடியோ சாட்சி. இங்கே எங்கள் ஏரியில் பிடித்ததை விடுவதற்கென்றே பிடித்தால் குற்றம், உடனே கொல்லவேண்டும் என்று ஆருஷ் சொல்லியிருக்கிறான். எது சரி என்று அப்பாவும் மகனும் ஒரு பின்னேரம் முழுக்க வாதாடினார்கள். ஆனால் அவர் திரும்பத் திரும்பப் பார்த்தது என்னவோ அந்த விடுகிற இடத்தைத்தான். களைத்துப்போன மீனின் மூக்கைப் பிடித்தபடி ஆருஷ் படகோரம் குனிந்து நிற்பான். படகு மெல்ல மெல்ல ஊரும். செவுளுக்குள் தண்ணீர் போய் மீனுக்குப் பலம் வரும்வரை அவன் அப்படியே நிற்பான்.

"மூச்சு வாற வரைக்கும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், பார்," என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். நானும் முதல்தடவை பார்ப்பதுபோலப் பார்ப்பேன்.

ஓகஸ்ட் முதல் கிழமை அவருடைய குரல் கம்மத் தொடங்கியது. சட்டையைத் தைக்கலாம், குரலை என்ன செய்வது. ஒரு காலையில் கொஞ்சம் தெம்பாக இருந்தபோது பல்கனியில் போய் இருந்து, என் கைத்தொலைபேசியில் பதினொரு குரல்பதிவுகள் செய்து தந்தார். ஒவ்வொன்றாக, நாளுக்கேற்றபடி அனுப்பச் சொன்னார். நல்ல மீன், கையைக் கவனமாகப் பார்த்துக்கொள் என்று இரண்டு. இன்றைக்கு வேலை கூடுதல், பிறகு எடுக்கிறேன் என்று மூன்று. சரியான வெக்கை என்று ஒன்று, இங்கே மழை என்று ஒன்று. வென்றதற்கு ஒன்று, தோற்றதற்கு ஒன்று. சாப்பிட்டாயா என்று ஒன்று. கடைசியாகப் பேசியது அவன் திரும்பிவர விமானம் ஏறும் நாளுக்கு. அதைப் பேசி முடித்துவிட்டு, இது தேவைப்படாது, அன்றைக்கு நானே எயார்போர்ட்டில் நிற்பேன், சும்மா கிடக்கட்டும் என்று சிரித்தார். நான் புத்திகெட்டதனமாக நல்ல வெயில் நாளில் மழைப்பதிவை அனுப்பிவிட்டேன். பேர்ணில் முப்பத்திரண்டு பாகை என்று காட்டுகிறதே என்று ஆருஷ் கேட்டபோது, குசினிக்குள் இருந்து பேசியிருப்பார், ஏதோ சத்தத்தை மழை என்று நினைத்துவிட்டார் என்று உளறினேன். அவன் அதையும் நம்பினான். எங்களை நம்பாமல் இருக்க அவனுக்கு ஒருநாளும் காரணம் இருந்ததில்லை.

கிருசிகா அன்றைக்குத்தான் என்னோடு சண்டை பிடித்தாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை, குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பாவுக்கு வந்த நோயைவிட நீங்கள் இரண்டுபேரும் செய்வது பெரிய வருத்தம் என்றாள். பாதி டொய்ச் மொழியிலும் பாதி தமிழிலும் திட்டிவிட்டு, கடைசியில் நல்ல தமிழில் சொன்னாள்.

"அண்ணாவுக்கு இருக்கிறதே ஒரு அப்பா. அப்பாவோட இருக்கிற மிச்ச நாளுகளை நீங்கள் எடுத்து ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள், அம்மா."

எனக்குக் கோபம்தான் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டாள் என்கிற கோபம். போட்டி முடியட்டும், ஓகஸ்ட் கடைசியில் சொல்லிவிடலாம் என்று அவளைச் சமாளித்தேன். அந்தக் கோடையின் பெரிய போட்டி அது, வியாழன் தொடங்கிச் சனி வரைக்கும் மூன்று நாள். பல நாட்டுப் படகுகள் வரும். பியாட்டின் படகும் போட்டியில் இருந்தது. முடிந்தவுடன் இரண்டு நாளில் ஆருஷ் வீட்டில் நிற்பான்.

புதன்கிழமை குகநாதனுக்குக் காய்ச்சல் வந்தது. வியாழன் ஆசுப்பத்திரியில் படுத்தார். சனி காலை ஒரு பெண் டொக்டர் என்னை நடைபாதைக்குக் கூட்டிப்போய், இருத்தி, தண்ணீர் தந்து, வரவேண்டியவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே கூப்பிடுங்கள் என்று சொன்னார். சத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நான் ஆருஷுக்கு எடுத்தேன். எட்டுத் தடவை எடுத்தேன். நடுக்கடலில் நிற்கிறவனுக்கு எந்தத் தொலைபேசி கேட்கும். அவனாக எடுத்தபோது மாலை ஏழு மணி, அறைக்குள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கரையில் பாட்டும் கூச்சலும் கேட்டன. மூன்றாம் இடம், அம்மா, நான் பிடித்து விட்ட மீன் முன்னூறு கிலோவுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள் என்று கத்தினான். இத்தனை தரம் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கக்கூட மறந்துபோனான். அப்பாவிடம் கொடுங்கள் என்றான்.

நான் தொலைபேசியை அவர் காதடியில் வைத்தேன். வாயில் ஒட்சிசன் மூடி இருந்தது. அவன் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரு "ம்" சொன்னார். அது அவனுக்குக் கேட்டதோ தெரியாது. நான் எடுத்து "தம்பி" என்று தொடங்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா சாப்பிடுகிறார், நாளைக்குக் காலையில் ஆறுதலாகக் கதைப்போம் என்று சொல்லி வைத்துவிட்டேன். மூடியை விலக்கிவிட்டு அவர் என்னிடம் சொன்னார்.

"இண்டைக்கு ஒருநாள் பிள்ளை சந்தோசமா இருக்கட்டும், ஞானம்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு, தேவாலயங்களின் மணிகளெல்லாம் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தபோது அவர் போய்விட்டார். அன்று நான் ஆருஷுக்குச் சொன்னது, அப்பாவுக்குச் சுகமில்லை, ஆசுப்பத்திரியில் இருக்கிறார், கெதியாக வெளிக்கிட்டு வா என்று. எங்கள் ஊரில் பிறந்த எவனும் இதைக் கேட்டதும் கதிரையில் குந்திவிடுவான், விளங்கிவிடும். இவனுக்கு இப்படிச் சேதி சொல்லும் வழக்கமே தெரியாது. சுகமில்லை என்றால் சுகமில்லை என்றே எடுத்தான். என்ன நோய், எந்த வாட், டொக்டர் என்ன சொல்கிறார் என்று ஒழுங்காகக் கேட்டான். நானும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பியாட்டிடமாவது உண்மையைச் சொல்லுங்கள், அவர் அண்ணாவோடு கூட வருவார் என்று கிருசிகா அழுதாள். அவன் வந்து இறங்கட்டும், நான் நேரே சொல்கிறேன் என்றேன். குகநாதன் சொன்ன அதே வார்த்தை என் வாயில் வந்தது. மரண அறிவித்தல் இணையத்தில் போடக்கூடாது என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் தடை போட்டேன். லண்டனில் இருந்து மச்சாள் எடுத்து, என்ன விளையாடுகிறாயா என்று ஏசினாள். ஏசட்டும் என்று விட்டேன்.

திங்கள் மத்தியானம் லிஸ்பனில் விமானம் மாறும் இடத்தில் இருந்து அவன் எழுதினான். அப்பா கதைக்கக்கூடிய நிலையில் இருக்கிறாரா, ஒரு சொல்லாவது என்று. பதினொன்றில் அந்த நாளுக்குப் பொருந்துவது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கிருசிகா பக்கத்தில் இல்லை. நான் அதை அனுப்பினேன்.

"வெளிக்கிட்டிட்டியோ தம்பி? அவசரப்படாத, ஆறுதலா வா. நான் இஞ்சதான் நிக்கிறன்."

ஓகஸ்ட் தொடக்கத்துக் குரல். நல்ல தெளிவான குரல். தயங்காமல் அனுப்பிவிட்டேன். எத்தனையோ செய்திருக்கிறேன் என்றாலும் அது ஒன்றைத்தான் என்னால் எனக்கு மன்னிக்க முடியவில்லை. ஒரு நிமிடத்தில் அவனிடமிருந்து ஒரு சிவப்பு இதயம் வந்தது. பிறகு, குரல் நல்லாக இருக்கிறதே, பயந்துவிட்டேன் என்று ஒரு வரி வந்தது.

சூரிச் எயார்போர்ட்டுக்கு நான் தனியாகப் போனேன். அவர் உடம்பு இன்னும் ஆசுப்பத்திரியின் குளிர் அறையில்தான் இருந்தது. மகன் வந்த பிறகுதான் காரியம். அதனால் என் நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. எல்லாம் அந்த நாளில்தான் கழற்றுவார்கள். கதவு திறந்து ஆருஷ் வெளியே வந்தான். வெயிலில் கருகி, ஒரு சுற்றுப் பெருத்து, பெரிய ஆளாகத் தெரிந்தான். இரண்டு கை விரல்களிலும் பிளாஸ்டர். பொட்டோடு இருந்த என் முகத்தைப் பார்த்தவுடன் அவன் தோள் இறங்கியது, மூச்சை விட்டான். என்னைக் கட்டிப்பிடித்தபோது அவனுடைய சட்டையில் டீசல் மணத்தது. நான் "தம்பி" என்றேன். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"பேர்ண் ட்ரெயினுக்கு ஆறு நிமிசம் இருக்கு. அதைப் பிடிச்சால் வாட்டில ஆக்களைப் பார்க்கிற நேரம் முடிய முதல் போயிடலாம். கதை எல்லாம் ட்ரெயினுக்குள்ள, அம்மா. வாங்கோ."

என் கைப்பையையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். நடந்தவன் பிறகு ஓடினான். நகரும் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தவர்களிடம் வழி விடக் கேட்டுக் கேட்டு இரண்டிரண்டு படியாக இறங்கினான். நான் கைப்பிடியைப் பிடித்தபடி, ஒரே படியில் நின்று, அது கொண்டுபோகும் வேகத்திலேயே இறங்கினேன். கீழே மேடையில் ரயில் நின்றது. புறப்படும் மணி அடித்தது. ஒரு காலைப் பெட்டிக்குள்ளும் மற்றக் காலை மேடையிலும் ஊன்றிக்கொண்டு, மூட வந்த கதவைத் தோளால் தாங்கிப் பிடித்தபடி, ஆருஷ் என்னைப் பார்த்துப் பிளாஸ்டர் ஒட்டிய கையை வீசி வீசிக் கூப்பிட்டான்.