டோரிஸை வாடகைக்கு எடுத்தவள்

வாடகைக்கு எடுக்க வந்தவர்களிடம், படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவன் வண்டியைக் காட்டி ஒப்படைக்கிற நாளென்றால் ப்ளூவுக்குக் கல்யாண வீட்டுக்காரன் களை வந்துவிடும். சமையலறை ஜன்னல் வழியாக அவன் பெண்டாட்டி மிட்ஜ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு மொத்தமும் அவளுக்கு மனப்பாடம். வெளியே அவன் பேசப் பேச, உள்ளே இவள் பாத்திரத்தைத் தேய்த்தபடி சத்தமில்லாமல் கூடவே வாயசைத்தாள்.

“இவ பேரு டோரிஸ். மரியாதையா நடத்துங்க, மரியாதையா நடந்துக்குவா. தார் ரோட்டை விட்டு எறங்கவே கூடாது. டாய்லெட்ல ஒண்ணுக்கு மட்டும்தான். ரெண்டுக்கு வந்தா பெட்ரோல் பங்க்ல போங்க, கேரவன் பார்க்ல போங்க, இல்ல அடக்கிக்கிட்டு அடிலெய்டுக்கே போங்க.”

வந்திருந்த இளம் ஜோடி விழுந்து விழுந்து சிரித்தது. எல்லா ஜோடியும் இந்த இடத்தில்தான் சிரிக்கும். சிரித்து முடிந்ததும் அவன் கேட்பான்: “சரி, எங்க போறதா உத்தேசம்?”

“காஃபின் பேல சிப்பி சாப்பிடலாம்னு இருக்கோம்.”

“அடடா, குடுத்து வச்சவங்க! போற வழியில கவெல்ல நிறுத்தி ஒரு ராத்திரி தங்குங்க. கடலுக்கு மேல சூரியன் வர்றதைப் பாத்தா கண்ணு கலங்கிடும்.”

மிட்ஜ் சட்டியைச் சிங்க்கில் போட்டாள். கவெல்லில் சூரியன் எப்படி வரும் என்று இவன் என்னத்தைக் கண்டான்? கவெல்லில் ஒரு ராத்திரி தங்கியிருப்பானா? வாடகைக்காரர்கள் திரும்பி வந்து காட்டிய போட்டோவைப் பார்த்து அடுத்த வாடகைக்காரர்களுக்கு அள்ளி விடுகிறான். ஊர் உலகமெல்லாம் அவள் வண்டியில் சுற்றுகிறது. அவள் மட்டும் வயாலாவில், அதே தெருவில், அதே ஜன்னலுக்குப் பின்னால்.

அந்த வண்டியை வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. உருக்காலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ப்ளூ வாங்கினான். நாட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வருவதாகப் பேச்சு. அவளும் ஸ்கூல் கேன்டீன் வேலையை விட்டாள், கோழிகளைப் பக்கத்து வீட்டு ரேலீனுக்குக் கொடுத்தாள். போனார்கள். ஸ்ட்ரீக்கி பே வரைக்கும் போனார்கள். இரண்டாம் நாள் காலையில் அவள், கேரவன்களை நிறுத்தித் தங்கும் பார்க்கின் துணி துவைக்கும் கொட்டகையிலிருந்து திரும்பி வந்தால், ப்ளூ முகம் வெளுத்துப்போய் நிற்கிறான். “கியர்பாக்ஸ் சரியில்ல, வீட்டுக்குப் போயிடலாம்” என்றான். வந்தார்கள். கியர்பாக்ஸ் செலவை வண்டியே சம்பாதித்துக் கொடுக்கட்டும் என்று இன்டர்நெட்டில் வாடகை விடும் சைட்டில் போட்டான். அதோடு சரி. இவள் “எப்ப என்னைக் கூட்டிட்டுப் போற?” என்று கேட்கும்போதெல்லாம் “புக்கிங் வந்துடுச்சே, மிட்ஜ்” என்பான்.

நிலைகொள்ளாமல் அலைகிறவள் ஆகிவிட்டாள். காலையில் எழுந்தால் கடற்கரை வரை நடப்பாள், திரும்புவாள், மறுபடி நடப்பாள். காரை எடுத்துக்கொண்டு போர்ட் அகஸ்டா ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஒரு வேலையும் இல்லாமல் யூ டர்ன் அடித்து வருவாள். வீட்டிலிருக்கும் அலமாரிகளை இடம் மாற்றி வைப்பாள். ப்ளூ அதில் இடித்துக்கொண்டு, “ஏன்டி, அலமாரிக்குக் கால் மொளைச்சுதா?” என்பான். அலமாரிக்காவது மொளைச்சுதே என்று வாய்வரை வரும்.

இந்த வருஷம் அவளுக்குப் பயமே வந்துவிட்டது. முழங்கால் ஏறி இறங்க வலிக்கிறது. இந்த வசந்தத்திலும் மேற்கே பூ பூக்கிற பாலைவனத்தைப் பார்க்காவிட்டால் இனி எந்தக் காலத்திலும் பார்க்கப்போவதில்லை என்று தோன்றிவிட்டது. அதனால் சைட்டின் காலண்டரில், அங்கே வசந்தம் தொடங்குகிற செப்டம்பர் மாதத்தை வேறு யாரும் புக் பண்ண முடியாதபடி அவளே அடைத்து வைத்தாள். மறுநாள் பார்த்தால் மாதம் மறுபடி திறந்து கிடக்கிறது.

“நீதான தொறந்த?” என்றாள்.

“செப்டம்பர்ல நல்ல கிராக்கி, மிட்ஜ். சும்மா நிறுத்தி வைக்கலாமா?”

“சும்மாவா? நான் போகலாம்னு அடைச்சேன்!”

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டான். அவனுக்கு வாக்குவாதம் என்றால் ஷெட்.

வயிற்றெரிச்சல் தாங்கவில்லை அவளுக்கு. ரேலீனிடம் போய்க் கொட்டினாள். ரேலீன் டீயை உறிஞ்சிக்கொண்டே, “எவ எவளோ புக் பண்றா, நீயும் புக் பண்ணேன்” என்று சொல்லிச் சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். மிட்ஜ் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சலவை மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் டிரைவிங் லைசென்ஸைப் போட்டோ எடுத்து சைட்டில் கணக்குத் தொடங்கி, செப்டம்பருக்கு டோரிஸை வாடகைக்குக் கேட்டுவிட்டாள். முகத்துக்குப் பதில் ஒரு பச்சைக்கிளியின் படம். ஆள் எண்ணிக்கை, இரண்டு.

சாப்பாட்டு மேஜையில் ப்ளூ போனைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“ஒரு புக்கிங் வந்திருக்கு. வில்ஹெல்மினாவாம்! எந்தக் காலத்துப் பேரு பாரு. ஜெர்மன்காரக் கெழவியா இருக்கும்.”

வாய்க்குக் கொண்டுபோன உருளைக்கிழங்கை மிட்ஜ் தட்டிலேயே வைத்துவிட்டாள். சைட்டில் முதல் பெயர் மட்டும்தான் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அது தன் பெயர் என்று பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவான், ஒரு சண்டை வரும், வரட்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இந்த ஊரில் யாரையும் யாரும் வைத்த பெயரால் கூப்பிடுவதில்லை, வாஸ்தவம். செம்பட்டைத் தலை என்பதால் டெஸ்மண்ட் என்பவன் ப்ளூ ஆனான். செம்பட்டைக்கு எதற்கு நீலப் பெயர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இவள் குள்ளம், சுருக்கென்று கடிப்பாள், அதனால் மிட்ஜ். கண்ணுக்குத் தெரியாத கொசுவுக்குத்தான் அந்தப் பெயர். ஆனாலும் சர்ச்சில் பாதிரியார் வாயால் அந்த நீளப் பெயரைக் கேட்டுத்தானே இவன் “சம்மதம்” என்றான்? தகர டப்பாவுக்கு டோரிஸ் என்று பேர் வைத்துக் கொஞ்சத் தெரிகிறது, கட்டினவள் பேர் மறந்துபோகிறதா!

“பேசாம ஒத்துக்கோ” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அவன் ஒத்துக்கொண்டான். அத்தோடு நிற்காமல் வில்ஹெல்மினாவுக்கு ஒரு குறிப்பும் எழுதினான். அவன் ஷெட்டிலிருந்து எழுதுவதும், இவள் சலவை மெஷின் பக்கத்திலிருந்து பதில் போடுவதுமாகப் பேச்சு வளர்ந்தது.

“மேற்கே போறீங்களா? பிரமாதம்! பூவெல்லாம் அப்பதான் பூக்கும்” என்று அவன் எழுதினான்.

“நீங்களும் உங்க வீட்டுக்காரம்மாவும் நெறைய சுத்துவீங்க போல?” என்று இவள் கேட்டாள்.

“அவளுக்கு ஊர் சுத்தறதுல அவ்வளவா நாட்டம் இல்ல. வீடுதான் உலகம்.”

அடப்பாவி மனுஷா! மிட்ஜுக்கு ஷெட்டுக்கு ஓடிப்போய் அவன் மண்டையில் ஒன்று போடவேண்டும் போல் இருந்தது. எழுந்தவள் உட்கார்ந்தாள். வேண்டுமென்றே எழுதினாள்: “எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். வந்தா வருவார். ஊர் சுத்தறதுல அவ்வளவா நாட்டம் இல்ல, வீடுதான் உலகம். ஏன்னு கேட்டா ஒழுங்கா ஒரு பதில் வராது. இந்த ஆம்பளைங்க மனசுல என்னதான் இருக்கும்?”

அன்று பதில் வரவில்லை. சாப்பிடும்போது அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் சாயங்காலம் ஷெட்டிலிருந்து நீளமாக ஒன்று வந்தது.

“முன்னப்பின்ன தெரியாதவங்க நீங்க, அதனால சொல்றேன். நான் மொதல்ல எழுதினது பொய். போக ஆசைப்படறவ அவதான். நான்தான் கோழை. ஸ்ட்ரீக்கி பேல வண்டியைப் பின்னால எடுத்தேன். ஒரு பொம்பள கத்தினா. எறங்கிப் பாத்தா, சக்கரத்துக்கும் ஒரு சின்னப் பொண்ணுக்கும் நடுவுல ஒரு சாண் கூட இல்ல. அது பாட்டுக்குக் கீழ கெடந்த பந்தை எடுத்துக்கிட்டு ஓடிடுச்சு. ஒண்ணும் ஆகல. ஆனா எப்படியோ வண்டியை வீடு கொண்டு வந்து சேத்ததோட சரி, இந்த ஸ்டியரிங்கைத் தொட்டா கை நடுங்குது. பின்னால அந்தக் கொழந்தை நிக்கிற மாதிரியே இருக்கு. அவகிட்ட கியர்பாக்ஸ்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?”

மெஷின் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மிட்ஜுக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல, கோபம். ஆறு வருஷம்! கிளிப் படம் போட்ட எவளோ ஒருத்தியிடம் சொல்ல வந்த வாய், பக்கத்தில் படுக்கிறவளிடம் வரவில்லையே. அப்புறம்தான் அழுகை வந்தது. இத்தனை நாளும் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, வாடகைக்காரர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

“அவங்களை ஓட்டச் சொல்லலாமே?”

“கேட்டா சாவியைக் கையில குடுத்துடுவேன். அவ கேட்டதே இல்லைங்க. கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போன்னுவா. நான் ஓட்டறேன்னு ஒரு தடவை கூட சொன்னதில்ல.”

அதைப் படித்ததும் அவளுக்குச் சுரீர் என்றது. பொய் என்று சொல்லவும் முடியவில்லை. அவளும்தான் என்ன செய்தாள்? காரை எடுத்துக்கொண்டு பாதி வழி போய் யூ டர்ன் அடிக்கத் தெரிந்தது. வண்டிச் சாவி ஆணியில் தொங்கியது. ஒரு நாளும் அதன் பக்கம் கை போகவில்லை. பெரிய வண்டி, ஆம்பளை ஓட்டுவான், நாம் பக்கத்தில் உட்கார்ந்து மேப் பார்ப்போம் என்று அவளாகவே முடிவு கட்டி வைத்திருந்தாள்.

புக்கிங் நாள் காலையில் ப்ளூ முகச்சவரம் செய்து சட்டை மாற்றிக்கொண்டு, வில்ஹெல்மினாவுக்காக வாசலில் காத்திருந்தான். மிட்ஜ் பின்கதவு வழியாகப் பெட்டியோடு இறங்கி, ரேலீன் வீட்டு வேலியோரமாகச் சுற்றி, தெரு வழியாக முன்வாசலுக்கு வந்தாள்.

“எங்க போன, மிட்ஜ்? அந்த ஜெர்மன்காரம்மா இப்ப வந்துடும்.”

“வந்துடுச்சு” என்று லைசென்ஸை நீட்டினாள்.

அவன் வாங்கிப் படித்தான். திரும்பவும் படித்தான். கழுத்திலிருந்து சிவப்பு ஏறி, காது மடல் வரை போய், அப்படியே வடிந்து முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

“எல்லாத்தையும் படிச்சியா?”

“வண்டியைக் காட்டு” என்றாள். அதைப் பேச ஆரம்பித்தால் இருவரும் சமையலறைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள், செப்டம்பர் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை போலும். காட்டினான். கேஸ் இங்கே, தண்ணீர்க் குழாய் இங்கே, தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. டாய்லெட் வந்ததும் “ஒண்ணுக்கு மட்டும்...” என்று தொடங்கியவன், மீதியை விட்டுவிட்டு அதன் கதவைச் சாத்தினான். கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு, “எங்க போறதா உத்தேசம்?” என்றான்.

“மேற்கே. பூ பாக்க.”

“ரெண்டு பேர்னு போட்டிருந்ததே. கூட வர்றவர்?”

“வந்தா வருவார்னு எழுதினேனே.”

சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அவள் ஏறினாள். முழங்கால் வலித்தது. சீட்டை முன்னால் இழுத்தாள், முதுகுக்கு ஒரு தலையணை வைத்தாள். என்ஜின் உறுமியது. காத்திருந்தாள். ஷெட் கதவு திறக்கவில்லை. ஹார்ன் அடிக்கலாமா என்று கை போனது, அடிக்கவில்லை. வருவான் என்று நம்பியிருந்ததை நினைத்து அவமானமாக இருந்தது. சரி, நான் போகிறேன், இவன் வராவிட்டாலும் போகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரிவர்ஸ் போட்டாள்.

பக்கக் கண்ணாடியில் ப்ளூ நின்றிருந்தான்.

ஷெட்டின் பின்கதவு வழியாகச் சுற்றி வந்து, வண்டிக்குப் பின்னால் வழியில் நின்று, இரண்டு கையையும் தூக்கி வா வா என்று காட்டிக்கொண்டிருந்தான். வாடகைக்காரர்கள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இவன் ஒருநாளும் அங்கே நின்றதில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கை இரண்டும் நடுங்கின. முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் வண்டியின் பின்பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, நில், வா. அவள் அங்குலம் அங்குலமாக எடுத்தாள். அவன் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து நகர்ந்து, அவளைத் தெருவில் கொண்டுவந்து விட்டான்.

வண்டி நேராகி நின்ற பிறகும் அவன் கை இறங்கவில்லை. மிட்ஜ் எட்டி மறுபக்கக் கதவைத் திறந்தாள்.

“பின்னால யாரும் இல்ல, ப்ளூ. நீ பாத்துட்ட, நானும் பாத்துட்டேன். ஏறு.”

“துணி எடுத்து வைக்கல.”

“நான் எடுத்து வச்சிருக்கேன். ஏறு மனுஷா, ரேலீன் ஜன்னல்ல நிக்கிறா.”

ஏறினான். பெல்ட்டை மாட்டத் தெரியாமல் தடவினான், அவள் மாட்டிவிட்டாள். வண்டி நகர்ந்ததும் அவன் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டான்.

“மெதுவா, மிட்ஜ்.”

“மெதுவாத்தான் போறேன்.”

“இன்னும் கொஞ்சம் மெதுவா.”

நடக்கிற வேகத்துக்குக் குறைத்தாள். பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் கை நடுக்கம் நிற்கிற வரைக்கும் இதே வேகம்தான், பல நூறு மைல் தள்ளி மேற்கே இருக்கிற நல்லார்பார் சமவெளி வரைக்கும் இப்படியே போக வேண்டியிருந்தாலும் சரி என்று முடிவு செய்துகொண்டாள்.