கேஷ் சர்வர்களை அணைத்த நாள்

அக்காவின் ஆபீஸில் கேஷ் சர்வர்கள் என்ற தற்காலிகச் சேமிப்புப் பெட்டிகள் சில இருந்தன. அங்குள்ள விர்ச்சுவல் கம்ப்யூட்டர்களில் யார் எதைச் சேமித்தாலும் அவை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாகப் பெரிய ஸ்டோரேஜுக்கு அனுப்பும். புது ஸ்டோரேஜ் வேகமாக இருந்ததால் அவற்றைக் கழற்றும் வேலை அக்காவுக்கு வந்தது. எதுவும் தொலையாமல் முடித்தால் புது டீமில் இடம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

மதியச் சாப்பாடு கொண்டுபோன நான் ஓரமாக நின்றேன்.

"பிளக்கைப் பிடுங்க என்னம்மா இவ்வளவு யோசனை? குழந்தையைத் தூங்க வைக்கிறியா?" என்றார் மேனேஜர்.

"உள்ள இன்னும் பெரிய ஸ்டோரேஜுக்குப் போகாத டேட்டா இருக்கு சார். இப்பப் பிடுங்கினா அத்தனையும் போயிடும். புதுசா எதையும் வாங்காம நிறுத்திட்டேன். கையில இருக்கறத ஒப்படைச்சிட்டுப் போகட்டும்."

"பெட்டிக்குப் பிரிவு உபசாரமா!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

திரையில் மிச்சம் மெதுவாகக் குறைந்து பூஜ்யமானது. அதையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் அக்கா ஒவ்வொன்றாக அணைத்தாள். எந்த மேஜையிலிருந்தும் ஒரு புகார்கூட வரவில்லை.

மறுநாள் காலை அவளுடைய கார்டுக்கு வாசல் கதவு திறக்கவில்லை. பாதி எழுதிய மெயில் உள்ளே கம்ப்யூட்டரில் கிடந்தது, மூக்குக்கண்ணாடி டிராயரில். மேனேஜர் போனை எடுக்கவில்லை.

"உங்களை விடக்கூடாதுன்னு நேத்தே சொல்லிட்டாங்கம்மா" என்றார் காவலாளி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்தவளிடம் அம்மா, "நீ என்னடி தப்புப் பண்ணின?" என்று கேட்டாள்.

"தப்பே நடக்கலம்மா. வேலை முடிஞ்சிடுச்சு. அதான் இனிமே நான் எதுக்கு?" என்றாள் அக்கா. "அந்தப் பெட்டியாவது கையில இருந்ததைக் கொடுத்துட்டுப் போச்சு."