கெமாரி வீட்டுப் பானை

நெலூக் சதுப்பில் கெமாரியைப் போல வாய் கிழியப் பேச இன்னொருத்தி பிறந்துதான் வர வேண்டும். "எங்க வீட்டுல மருமக, மகங்கிற பேதமே கிடையாது. எல்லாருக்கும் ஒரே பானைதான்" என்று அவள் படகுத்துறையில் நின்று பீற்றும்போதெல்லாம், பக்கத்தில் ஈர வலையைச் சுமந்து நிற்கும் மருமகள் லுவேய்க்கு வயிறு எரியும். கூழைக் காணாத வயிறு சீக்கிரமே எரியும்.

பானையைச் சுற்றி உட்கார்ந்து, எல்லோரும் அதிலேயே கைவிட்டுக் கூழ் உண்பதுதான் நெலூக்காரர் வழக்கம். கெமாரி வீட்டிலும் உட்கார்ந்தார்கள், லுவேயைத் தவிர. அவளுக்கு மூலையில் ஒரு கொட்டாங்கச்சி, அதில் வடித்த தண்ணீர். புருஷன் பொர்தான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே விரலை நக்குவான். அம்மா முறைத்தால் எச்சில் விழுங்கவும் யோசிக்கிற மகாவீரன் அவன்.

லுவேய் சீதனமாகக் கொண்டுவந்தது ஒரு படகு. புகுந்த வீடு பட்டினி போட்டதாக நிரூபித்தால், பெண் தன் படகை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். முடியாவிட்டால் படகு அந்த வீட்டோடு கிடக்கும், அவளும் கிடப்பாள். இதுவரை எவளும் நிரூபித்ததில்லை. பசிக்கு யார் வந்து சாட்சி சொல்வார்கள்?

மழை தொடங்கியபோது லுவேயின் வயிற்றில் கண்ணாடித் தேமல் கண்டது. தோல் வெளுத்து, மெலிந்து, கடைசியில் இரைப்பை அப்படியே வெளியே தெரிந்தது. வலியில்லை, சாவில்லை. தொட்டால் ஒட்டாது. ஆனால் தேமல்காரர் கை நுழைத்த பானையில் கை நுழைத்தவர் தப்பியதே இல்லை. இது நெலூக்கில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஓடக்காரி தெமியின் வயிற்றில் அது வெகுநாளாக இருந்தது. லுவேய்க்கும் அது தெரியும். தெரிந்தேதான் பசி தாங்காமல் ஒருநாள் தெமியின் பானையில் கை நுழைத்திருந்தாள்.

காலியான இரைப்பை ஊர் பார்க்கத் தெரிகிறதே, இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? லுவேய் பெரியவர்களிடம் முறையிட்டாள். பௌர்ணமியன்று கூட்டம் என்றார்கள். அன்றிலிருந்து கெமாரிக்குப் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. தனித் தட்டில் கொழுத்த விலாங்கு, வெல்லம் போட்ட மாவுருண்டை. தொடக்கூடாது என்றுதான் லுவேய் நினைத்தாள். விலாங்கின் வாசனை மூக்கை எட்டும்வரை அந்த வைராக்கியம் இருந்தது.

கூட்டத்தில் அவள் முந்தானையை விலக்கியதும், நடக்கவே முடியாது என்று தூக்கிவரச் சொன்ன கிழங்களெல்லாம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தன. இரைப்பை புடைத்துக்கொண்டு நின்றது.

"நல்லாப் பாருங்க!" என்றாள் கெமாரி. "இதுவா பட்டினி கிடந்த வயிறு? என்னைவிட நல்லாத் தின்னிருக்கா!"

ஊர் சிரித்தது. தலைவர் சபாத் கொட்டாவி விட்டார். "அவ்வளவுதானே? படகு இங்கேயே இருக்கட்டும். போய் வேலையப் பாருங்க."

லுவேய்க்கு அழுகை முட்டியது. தின்ற ஒவ்வொரு வாய்க்காகவும் தன்னையே வெறுத்தாள்.

கெமாரி அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் மகள் சிராய்க்குப் பேசியிருந்த சம்பந்தி அம்மா கூட்டத்தில் நின்று, சிராயின் வயிற்றையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுல வேற யாருக்கும் ஒரு பொட்டு கிடையாது சம்பந்தி! மழைக்காலம் பூரா இவளுக்கு இருக்கு, எங்களுக்கு வந்துச்சா?" என்று சிராயை இழுத்து வயிற்றைக் காட்டினாள். பொர்தானின் சட்டையைத் தூக்கினாள். தன் தொப்பையையும் தட்டிக் காட்டினாள். எல்லாம் கொழுகொழுவென்று மாசு மருவில்லாமல் இருந்தன.

லுவேய் கண்ணைத் துடைத்தாள்.

"அத்த, நம்ம வீட்டுல ஒரே பானைதானே?"

"ஆமாடி! ஊருக்கே தெரியும்."

"அப்போ உங்களுக்கு ஏன் ஒட்டல?"

முதலில் சிரித்தது தெமிதான். மற்றவர்களுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சம்பந்தி அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"கெமாரி, மழுப்பாம சொல்லு. இவ உங்க பானையில கைய வெச்சாளா இல்லியா? வெச்சிருந்தா இன்னிக்கு இல்லாட்டியும் நாளைக்கு வந்துரும். உன் மக எங்களுக்கு வேணாம்."

கெமாரி மகளைப் பார்த்தாள். துறையில் ஆடிக்கொண்டிருந்த படகைப் பார்த்தாள்.

"வெச்சதில்ல" என்றாள் கடைசியில்.

"காது கேக்கல" என்றாள் சம்பந்தி அம்மா.

"ஒரு நாளும் வெச்சதில்ல! கொட்டாங்கச்சியில வடிச்ச தண்ணிதான் ஊத்துவேன். போதுமா?"

சபாத் பாதிக் கொட்டாவியில் வாயை மூடினார். எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகு அவர்தான் என்ன செய்வார்? படகு லுவேயுடையது என்று முனகினார்.

அவள் கயிற்றை அவிழ்க்கும்போது பொர்தான் முழங்கால் சேற்றில் வந்து நின்றான்.

"நானும் வரட்டா லுவேய்?"

அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கம்மாகிட்ட கேட்டுட்டு வா."

அவன் நிஜமாகவே கேட்கப் போனான். அதற்குள் அவள் துடுப்புப் போட்டுக் கிளம்பிவிட்டாள்.