கீர்த்திகா கேட்ட பாட்டு

என் மனைவி கீர்த்திகாவுக்குக் காது கூர்மை என்று நானாகத்தான் முடிவுகட்டிக்கொண்டேன். கல்யாணமாகி வந்த புதிதிலேயே அவள் என் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதை யாராவது தொட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் கண்ணை மூடி, இரண்டு கையாலும் அதைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் உருகிப்போனேன். என்னைத் தவிர இந்த ஊரில் ஒரு ஆள் இவ்வளவு கவனமாகப் பாட்டுக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

எங்களுக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி. அப்பா காசிராஜன்தான் முதலாளி. ஆர்டரும் லோடும் என் பொறுப்பு. கீர்த்திகா விருதுநகரில் பருப்பு மண்டி நடத்துகிற குடும்பத்துப் பெண். சிவகாசி வீட்டின் மாடி அறையில் நான் ஒரு ஸ்ட்ரீமர் வைத்திருக்கிறேன். இணையத்திலிருந்து பாட்டை இழுத்து ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ கொடுக்கிற பெட்டி. அதைப் பெட்டி என்று அம்மா சொன்னால் எனக்குக் கோபம் வரும். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியாது.

அதில் ஒரு குறை இருந்தது. ஒயர் இல்லாத ஹெட்போனுக்கு ப்ளூடூத்தில் அனுப்பும்போது பாட்டைக் கண்டபடி சுருக்கிவிடும். பட்டுச்சேலையை டிபன் பாக்ஸில் திணித்த மாதிரி, போய்ச் சேரும்போது கசங்கிக் கிடக்கும். வைகாசியில் ஒரு அப்டேட் வந்தது. இனி அதே பாட்டை நல்ல தரத்தில், பெரிதாகக் கசங்காமல் அனுப்பும். அப்படி மடித்து அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். கீர்த்திகா மட்டும் எழுந்து போகவில்லை. புதுக் கோடெக்குக்குப் பொருத்தமாக அவளுக்கென்று ஒரு ஹெட்போன் வாங்கலாம் என்றபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வெளிச் சத்தத்த அமுக்குமாங்க?"

"அதெல்லாம் இப்ப எல்லாத்துலயும் வருது. கோடெக்தான் முக்கியம்" என்றேன்.

புது ஹெட்போன் வந்தது. குழப்பமும் கூடவே வந்தது. ஸ்ட்ரீமரின் முகப்பில் ஒரு சின்னத் திரை உண்டு. எந்த ஹெட்போன், எந்தக் கோடெக், என்ன பாட்டு, எல்லாம் அதில் தெரியும். சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து மாடி ஏறினால் கீர்த்திகா ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். திரையில் ஒன்றுமே இருக்காது.

"பாட்டு கேக்குதா?" என்பேன்.

அவள் ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கி, "ம், நல்லாக் கேக்குதுங்க" என்பாள்.

"பழசுக்கு இது எப்படி?"

"இது எம்புட்டோ தேவல."

இரும்பு ப்ளூடூத் அலையை மறைக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, சீதனமாக வந்த பீரோவை வியர்க்க விறுவிறுக்க எதிர்ச் சுவருக்குத் தள்ளினேன். அப்டேட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். தயாரித்த கம்பெனிக்கு நீளமாக எழுதினேன். அணைத்துவிட்டுப் போடச் சொல்லி ஒரு வரி பதில் வந்தது. ஓடுகிற பாட்டு திரையில் தெரியவில்லை, அல்லது ஓடாத பாட்டு இவளுக்குக் கேட்கிறது. இரண்டில் முதலாவதைத்தான் என்னால் நம்ப முடிந்தது. இன்னொன்றும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாவகாசமாக உட்காரவைத்து நான் ஒரு பாட்டைப் போட்டால், "பிறகு கேக்கேன்" என்று நழுவிவிடுவாள். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் மட்டும் அவளாகவே மாடி ஏறிவிடுவாள். என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகத்தான் கேட்கிறமாதிரி நடிக்கிறாளோ என்று தோன்ற ஆரம்பித்தது. என்னைப்போல் ஒரு ஆள் கிடைத்துவிட்டாள் என்று அவ்வளவு நம்பியிருந்தேன்.

ஆனிக் கடைசியில் எங்கள் முதல் லோடு வடக்கே கிளம்பும். அன்றைக்குக் கம்பெனியில் பூஜை போட்டு, அந்த வருசத்துப் புது ஐட்டத்தில் ஒன்றை வீட்டுப் பெண் கையால் பற்றவைத்துவிட்டுத்தான் லாரியை எடுப்போம். சாப்பிடும்போது அப்பா சொன்னார்.

"இந்தத் தடவ மருமகதான் பத்த வைக்கணும். டீலர்கள்லாம் வாராக. என்ன தாயி?"

"சரிங்க மாமா" என்றாள் கீர்த்திகா. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்கு ஒன்றும் போகவில்லை. மருமகளுக்குப் பெருமை தாங்கவில்லை என்று அப்பா நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பூஜைக்கு முந்தின சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது. வழக்கம்போல் அவள் காதில் ஹெட்போன், திரையில் வெறுமை.

"கழத்து அத" என்று வாங்கி என் காதில் மாட்டினேன். ஒரு பாட்டும் ஓடவில்லை. கிணற்றுக்குள் இறங்கினமாதிரி ஒரே அமைதி. ஏமாற்றிவிட்டாள் என்று ஆத்திரமாக அவள் பக்கம் திரும்பினால், கீர்த்திகா திடுக்கிட்டுக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, என் காதுக்குத்தான் பெரிதாக ஒன்றும் வரவில்லை. வெளியே பார்த்தேன். வீட்டுக்குப் பின்னாலுள்ள பொட்டலில் புகை எழும்பியது. அப்பா சாம்பிள் வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சீசன் நெருங்கினால் தினமும் அந்த நேரத்துக்கு நடக்கிறதுதான். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, வெடி எனக்குச் சத்தக் கணக்கிலேயே வந்ததில்லை. ஹெட்போனைக் கழற்றினேன். அடுத்தது வெடித்தது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"வெடின்னா பயமா?"

தலையாட்டினாள். "சின்னப் பிள்ளையில இருந்தே. தீவாளி அன்னைக்கு மண்டியில பருப்பு மூடைக்குப் பின்னால போயி உக்காந்துக்கிடுவேன்."

"அப்ப பாட்டு?"

"மொதல்ல பாட்டப் போட்டுத்தான் கேட்டேன். நடுவுல வெடிக்கவும் பாட்டே வெடிச்ச மாதிரி ஆயிருச்சு. அந்தப் பாட்ட இப்பக் கேட்டாலும் நெஞ்சு படபடன்னு அடிக்குது. அதான் ஒன்னும் போடாம சும்மா மாட்டிக்கிடுவேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, எங்க வீட்டுக்குச் சத்தந்தான் சோறு போடுதுன்னு மாமா சொன்னாக. எங்கம்மா பேசாதன்னு எங் கையப் பிடிச்சு அமுக்குனாக. பிறகு நான் யாருகிட்டப் போயிச் சொல்ல? நீங்க வேற பீரோவையெல்லாம் தள்ளிக்கிட்டுக் கெடந்தீக. பாவமா இருந்துச்சு."

எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று எனக்கே பிடிபடவில்லை. கோடெக்கைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினவன், அவள் எதற்காகக் காதை மூடுகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றிருந்தது.

"நாளைக்கும் இத மாட்டிக்கிட்டே பத்த வச்சிருதேன். பாட்டுக் கிறுக்குன்னு நெனைச்சிட்டுப் போகட்டும்" என்றாள்.

"கம்பெனி கேட்டுக்குள்ள பேட்டரி உள்ள எதையும் விடமாட்டாக. போனையே வாங்கி வச்சிருவாக."

அது அவளுக்கு நினைவில்லை. "அப்ப வெறுங்காதோடயே வைக்கேன். மாமாகிட்டச் சொல்லிராதீக" என்றாள்.

மறுநாள் பூஜை முடிந்து, கம்பெனியின் பொட்டலில் டீலர்கள் கூடி நின்றார்கள். அப்பா ஊதுபத்தியைக் கொளுத்தி, "வா தாயி" என்று நீட்டினார். கீர்த்திகா கை நீட்டினாள். ஊதுபத்தியைத் தொடுவதற்குள் அந்தக் கை காதைப் பொத்தப் போய்விட்டது. சொல்லிவிட வேண்டாம் என்கிறமாதிரி என்னைப் பார்த்தாள். என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அப்பா, அவளுக்கு வெடின்னா பயம்."

அப்பாவுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. "பயமா? எதுக்கு?"

"சத்தத்துக்கு."

"எந்தச் சத்தத்துக்கு?"

அப்பா நிஜமாகவே கேட்டார். நக்கல் இல்லை, கோபம் இல்லை. என்னையும் கீர்த்திகாவையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் பூஜைத் தட்டோடு நின்ற அம்மாதான் பதில் சொன்னாள்.

"எந்தச் சத்தம்னா, இந்தா வெடிக்கப் போறீகளே, இதுக்குத்தான். எனக்கு மட்டும் பயம் இல்லையாக்கும்?"

"ஒனக்கா?" என்றார் அப்பா. "போன வருசம் வரைக்கும் நீதான பத்த வச்ச?"

"நாந்தான். கட்டிட்டு வந்த வருசத்துல இருந்து வைக்கேன். ஒருக்காகூடக் கண்ணத் தொறந்து பாத்ததில்ல."

அம்மா குரலை உயர்த்தவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, கீர்த்திகாவைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் தள்ளிப் போய் நின்றாள். இத்தனை வருசம் அதே வீட்டில் வளர்ந்த எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை. டீலர்கள் என்னமோ என்று காத்திருந்தார்கள்.

அப்பா தானே போய்க் குனிந்து பற்றவைத்துவிட்டு வந்தார். திரி பிடித்து ஏறியது. டீலர்கள் எல்லாரும் புது ஐட்டத்தைப் பார்த்தார்கள். அது வெடித்தபோது அப்பா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.