ஒரு அள்ளு இறால்

மக்ரூன் இனிப்புப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இறால் கம்பெனிக் கொட்டகைக்குள் நுழைந்த முத்துச்செல்வி, வாசலிலேயே நின்றுவிட்டாள். போன மாதம் அவள் பார்த்துவிட்டுப் போன இடம் இல்லை இது. நீளமான மேசையின் இருபுறமும் தோளோடு தோள் உரச நின்றுதான் அந்தப் பெண்கள் இறால் உரிப்பார்கள். இப்போது ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் நடுவே தகரத் தடுப்பு. ஆளுக்கொரு மஞ்சள் பேசின், ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் ஓர் எண். பேச்சில்லை, சிரிப்பில்லை. ஐஸ் தண்ணீரில் கைகள் அளையும் சத்தம் மட்டும் கேட்டது. வழக்கமாகத் தேவகனி நிற்கிற இடத்தில் வேறு யாரோ ஒரு பெண் நின்றாள்.

"ராமர் அண்ணாச்சி, தேவகனியக்காள எங்க?"

சூப்பர்வைசர் ராமர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நிப்பாட்டியாச்சு. எடை காணல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத்தன வருசமா நான் அந்தப் பக்கம் பாக்காம திரும்பி நின்னேன்ம்மா. நீ வந்து பாத்துட்ட."

முத்துச்செல்வி பார்த்தது இதைத்தான். பனிக்கட்டித் தண்ணீரிலேயே கிடந்து கிடந்து தேவகனியின் வலக்கை விரல்கள் வெளுத்து மரத்துப்போயிருந்தன. ஓடு பிடிபடாது. உரித்த இறாலின் எடை குறைந்தால் வேலை போய்விடும். அதனால் பக்கத்தில் நிற்கிறவள் தன் பேசினிலிருந்து ஓர் அள்ளு எடுத்து தேவகனியின் பேசினில் போடுவாள். எதிரில் நிற்கிறவள் இன்னோர் அள்ளு. காய்ச்சலோடு வந்தவளுக்கும், பிள்ளை பெற்றுத் திரும்பியவளுக்கும் அதே வழக்கம். "அவளுக்கு ஒரு அள்ளு போடுளா" என்று யாராவது முனகினால் போதும். நாளைக்கு யார் கை மரக்கும் என்று யாருக்குத் தெரியும்?

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள் முத்துச்செல்வி. அவளுடைய சிறப்புப் பாடம் மனிதவள மேலாண்மையை விமர்சன நோக்கில் படிப்பது. அதை நடத்துகிற ஜெயபிரியா மேடம் முதல் வகுப்பிலேயே கேட்டார்: "உப்பு ஒரு வளம். மீன் ஒரு வளம். தோண்டி எடுக்கிற மணல் ஒரு வளம். மனுஷனை அந்த வரிசையில யார் வச்சது? ஏன் வச்சாங்க?" அன்று மதியம் முத்துச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. சாத்தான்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு போன் போட்டு, அரை மணி நேரம் அதையே பேசினாள்.

அந்த வேகத்தோடுதான் புராஜெக்டுக்கு இந்தக் கொட்டகைக்கு வந்தாள். அள்ளு போடுகிற வழக்கத்தைக் கண்டதும் கண் கலங்கிப்போனாள். கம்பெனி எவ்வளவு பிழிந்தாலும் மனிதர்கள் மனிதர்களாகவே இருக்கிறார்கள் என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினாள். கம்பெனிப் பெயர் இல்லை, ஆட்கள் பெயர் இல்லை. ஆய்வு விதிகள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தாள். "இது ஜர்னல்ல வரணும்" என்றார் மேடம். அனுமதி கொடுத்த கம்பெனிக்கு ஒரு பிரதி தருவது மரியாதை என்றும் அவர்தான் சொன்னார். கம்பெனியின் மனிதவள மேலாளர் செந்தூர்வேல் அதை வாங்கிப் படித்தார். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்திருப்பார் போலும்.

திரேஸ்புரத்தில் தேவகனியின் வீட்டைத் தேடிப் பிடித்து அவள் போய் நின்றபோது மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"என்னத்துக்குளா வந்த?" தேவகனி நிலைப்படியை விட்டு நகரவில்லை. "இன்னும் ஏதும் எழுத வேண்டியது பாக்கி இருக்கா?"

"நல்லதுன்னு நெனச்சுத்தாங்க்கா எழுதுனேன்."

"நல்லதுன்னா மனசுல வச்சுக்கணும். ஒருத்தி கை மரத்துப் போச்சுன்னா இன்னொருத்தி அள்ளிப் போட்டோம். அது ஆண்டவருக்குத் தெரிஞ்சாப் போதாதா? ஒங்க காலேஜுக்கும் தெரியணுமோ? எம்மவ நாசரேத்துல படிச்சிட்டு இருக்கா. அவளுக்கு நான் இப்ப என்னத்தச் சொல்ல? ஒரு அக்கா வந்து நம்மளப் புகழ்ந்தா, அதுல எனக்கு வேல போயிட்டுன்னா?"

முத்துச்செல்வி மக்ரூன் பெட்டியை நீட்டினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. வந்தவள் கொடுத்ததைத் தள்ள மனமில்லாமல் தேவகனி அதை வாங்கிக்கொண்டாள், திட்டிக்கொண்டேதான் வாங்கினாள். கட்டியிருந்த நூலை அவிழ்க்கப் பார்த்தாள். விரல்கள் முடிச்சின் மேலே வழுக்கி வழுக்கி நகர்ந்தன. முத்துச்செல்வி கையை நீட்டியதும் வெடுக்கென்று பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம். நீ அவுத்தா அதையும் எழுதிருவ."

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு உடம்பு எரிந்தது. தன் மேல், செந்தூர்வேல் மேல், மேடத்தின் மேல், தான் மனப்பாடமாகச் சொல்கிற அத்தனை சொற்களின் மேலும் கோபம். நிலக்கரி லாரிகள் துறைமுகத்துச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் மறித்துச் சண்டை போடலாம் போலிருந்தது. முருகா, நான் வாயைத் திறந்ததால் கெட்டது, வாயைத் திறந்தே சரியாகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் கல்லூரிக் கருத்தரங்கில் பேச செந்தூர்வேலே வந்தார். இளம் வயது, நல்ல சட்டை, கனிவான குரல். "எங்க கம்பெனி ஒரு குடும்பம்" என்று ஆரம்பித்தவர், திரையில் மஞ்சள் பேசின்களின் படத்தைக் காட்டினார். "யாரு உழைக்கிறாங்க, யாரு அடுத்தவங்க உழைப்புல நிக்கிறாங்கன்னு இப்ப தெளிவாத் தெரியுது. இதுக்கு நன்றி சொல்லணும்னா உங்க மாணவிக்குத்தான் சொல்லணும்."

எல்லாரும் கைதட்டினார்கள். முத்துச்செல்வியின் காதில் அது கன்னத்தில் விழும் அறையாகக் கேட்டது.

அவர் மேலே பேசப் போனபோது எச்சில் புரையேறியது. இருமினார். இருமல் நிற்கவில்லை. மேசையில் பூங்கொத்து இருந்தது, சால்வை இருந்தது, தண்ணீர் வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட, மைக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அத்தனை கோபத்தில் இருந்தவளுக்குத் தன் கால்கள் எப்படி எழுந்தன என்று தெரியவில்லை. அப்பாவின் கடையில் விக்கல் எடுத்தவன் எவனாக இருந்தாலும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் வியாபாரம். அவள் தன் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மடமடவென்று குடித்தார்.

"ரொம்ப நன்றிம்மா."

அவள் மேடையை விட்டு இறங்கவில்லை. "சார், எம் பாட்டில்ல தண்ணி கொறஞ்சிட்டு. இத எந்த நம்பர்ல எழுதுவீங்க?"

பின்வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். செந்தூர்வேலும் சிரிக்கப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க சார். உங்களுக்கு மூச்சு முட்டிச்சு, நான் கொடுத்தேன். அந்த அக்காமாரும் இதத்தான் செஞ்சாங்க. நீங்க நடுவுல தகரத்த வச்சு அடைச்சிட்டீங்க. குடும்பம்னு சொன்னீங்களே, எந்த வீட்டுல சார் தட்டுக்கு நடுவுல தகரம் வைக்காங்க?"

"நம்பர் போட்டதே நீ எழுதுனதப் பாத்துத்தானம்மா." குரலில் கனிவு போயிருந்தது.

"ஆமா சார். அந்தப் பாவம் எம்மேல இருக்கு. அத நான் பாத்துக்கிடுதேன். உங்க பங்க நீங்க பாருங்க. நிப்பாட்டுனவங்களத் திரும்பக் கூப்பிடுங்க."

செந்தூர்வேல் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். அதை மூடி, அவளிடம் கொடுக்காமல், மேசையில் வைத்தார்.

வெளியே வராந்தாவில் ஜெயபிரியா மேடம் அவளைப் பிடித்துக்கொண்டார். "விருந்தாளிய இப்படியா அவமானப்படுத்துறது? அடுத்த வருஷம் நம்ம பிள்ளைங்களுக்கு அங்க யாரு இன்டர்ன்ஷிப் கொடுப்பா? விமர்சனம் எழுத்துல இருக்கணும் முத்துச்செல்வி."

"எழுத்துல இருந்ததாலதான் மேடம் அவங்களுக்கு வேல போச்சு. நான் அந்த அத்தியாயத்த எடுத்துடுதேன்."

"அதுதான் உன் ஆய்வே!"

"பரவால்ல மேடம். மார்க் கொறச்சுக்கோங்க."

பத்துப் பதினைந்து நாள் கழித்து தேவகனியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சீசன், ஆள் பற்றவில்லை என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் நெஞ்சடைத்து நின்ற நேரத்தில் குடித்த தண்ணீரை ஒரு மனிதன் லேசில் மறந்துவிட முடியாது. அது உள்ளே கிடந்து தன் வேலையைச் செய்யும். தகரத் தடுப்பும் எண்களும் மட்டும் அப்படியே இருந்தன.

முத்துச்செல்வி ஒருநாள் மறுபடி கொட்டகைக்குப் போனாள். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். தேவகனியின் பேசின் நிறைந்திருந்தது. விரல்கள் அதே வெளுப்பில், அதே மந்தத்தில்தான் அசைந்தன. எப்படி நிறைந்தது? கொஞ்ச நேரம் நின்றதில் அவளுக்குப் புரிந்துவிட்டது. தடுப்பும் எண்ணும் இருக்கும்போதே அந்தப் பெண்கள் வேறு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ராமர் அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். தேவகனி தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முத்துச்செல்வியும் ராமர் அண்ணாச்சியைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டாள்.

வாய்மொழித் தேர்வில் ஜெயபிரியா மேடமே கேட்டார். கோபம் ஆறி, ஆவல் வந்திருந்தது. "தடுப்பு வந்த பிறகு அந்தப் பெண்கள் என்ன செய்றாங்க? ஏதாவது செய்வாங்களே. அத மட்டும் சொல்லு, உன் ஆய்வு தப்பிச்சிடும்."

"தெரியாது மேடம்."

"திரும்பப் போய்ப் பாக்கலையா?"

"போனேன் மேடம். ஒண்ணும் கண்ணுல படல."

மேடம் உதட்டைப் பிதுக்கி மதிப்பெண் போட்டார். முத்துச்செல்வி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். பொய் சொன்னதற்கு அன்று சாயங்காலமே திருச்செந்தூர் போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். கருத்தரங்கில் செந்தூர்வேலிடம் காட்டிய கோபத்திற்கு மட்டும் அவள் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.