மாரியும் மாறியும்

காமினிக்குக் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் பிரமிளாவுக்குப் பயம் பிடித்தது. தங்கச்சியின் கை ஐஸ் கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவள், காலையிலிருந்து வாந்தி வேறு எடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா சந்திரிகா வீட்டுக் கதவில் வேப்பிலையைச் செருகினாள். பாயிலும் பரப்பினாள். காமினியின் தலையிலும் ஒரு கொத்து வைத்தாள்.

"மாரியாத்தா எறங்கியிருக்கா. இனி மருந்து, கிளினிக்னு யாரும் வாயத் தொறக்கக்கூடாது."

"கீழ புளோக்ல போன வாரந்தானேம்மா கொசுப்புகை அடிச்சாங்க? டிங்கியா இருந்தா?"

"டிங்கின்னா நெருப்பாக் கொதிக்கும்லா. இவளுக்குத்தான் எறங்கிருச்சே. அறிவியல்ல ஏ வாங்குன மகாராணிக்கு இதுகூடத் தெரியலயா?"

தெரியவில்லைதான். பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிரமிளாவுக்கு டிங்கிக் காய்ச்சல் என்றால் ஏடிஸ் கொசு, தேங்கிய தண்ணீர், நாலு மார்க்கு. காய்ச்சல் விட்டபின் உடம்புக்கு என்ன ஆகும் என்று எந்தத் தாளிலும் கேட்டதில்லை. கேட்காததை யார் படித்தார்கள்? தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவில், சோதனையில் நாம் மாற்றுவது தற்சார்பு மாறி, அதனால் மாறுவது சார்பு மாறி என்று தேவாரம் மாதிரி ஒப்பித்துக் கோப்பை வாங்கியவள் அவள். போனில் தேடினாள். ஒருவன் பப்பாளி இலைச் சாறு என்றான். இன்னொருத்தி ஆட்டுப்பால் விற்றாள். எதை நம்புவது?

கண்ணால் பார்ப்போம் என்று குனிந்தாள். தனக்கு முன்பு அம்மை போட்டபோது நீர் கோத்த கொப்புளங்கள் வந்தன. இங்கே ஒன்றுகூட இல்லை. தன் கையில் கொசு கடித்த தடிப்பை அமுக்கினாள், வெளுத்தது. தங்கச்சியின் புள்ளியை அமுக்கினாள், அப்படியே நின்றது. இன்னொன்று. அதுவும் நின்றது. தோலுக்கடியில் ரத்தம் கசிகிறதோ?

"என்னாடி செய்யிற? ஆத்தாளையா சோதிக்கிற?" அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். "ஒன் மாறி கீறியெல்லாம் ஸ்கூலோட வச்சுக்க. இது மாரி! கோவிச்சுக்கிட்டா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவா."

பிரமிளா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளும் பால்குடம் எடுத்தவள்தான்.

"என் பேச்சு தப்பா இருந்தா நல்லதுலாம்மா. அம்மைதான்னு டாக்டர் சொல்லட்டும், ஊரே என்னப் பாத்துச் சிரிக்கட்டும், ஆத்தா கால்ல விழுந்து கெடக்கேன். நீங்க தப்பா இருந்தா?"

அம்மா குனிந்து காமினியின் சில்லிட்ட கையைத் தொட்டுப் பார்த்தாள். பிரமிளா அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போக போனிலேயே கிரேப் வாடகைக் காடியைக் கூப்பிட்டுவிட்டாள்.

அவசரப் பிரிவில், காமினியின் தலையிலிருந்த வேப்பிலையைப் பார்த்து டாக்டர் லேசாகச் சிரித்தார். "காய்ச்சல் எப்பம்மா விட்டுச்சு?"

"நேத்தே எறங்கிருச்சு டாக்டர்," என்றாள் அம்மா, பெருமையாக.

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. "டிங்கியில காய்ச்சல் விட்ட பிறகுதான்மா ஆபத்தே." காமினியின் விரல் நகத்தை அழுத்திப் பிடித்து, பிறகு கையை எடுத்தார். "உடனே ரத்தம் திரும்பி நகம் செவக்கணும்."

மூன்று பேரும் அந்த நகத்தையே பார்த்தார்கள். அது வெள்ளையாகவே இருந்தது.

டாக்டர் உள்ளே பார்த்து யாரையோ சத்தமாகக் கூப்பிட்டார். காமினி கிடந்த கட்டிலின் சக்கரங்கள் தடதடவென்று உருண்டன. அம்மா ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடினாள்.