கூப்பிடு தூரத்தில் ஒரு மென்பொருள்

மொன்றியலின் இல்-பிசார் தீவில் பனி வழிக்கும் வண்டிகளின் இரைச்சல் இன்னும் ஓயவில்லை. அஜந்தா அலுவலகக் கதவைத் திறந்து, மேலங்கியைக் கூடக் கழற்றாமல் கணினியைப் போட்டாள். பேருந்து அரிதாக வரும் அந்தப் பக்கத்தில், டயாலிசிசுக்குப் போகும் நோயாளிகளை வீட்டு வாசலில் ஏற்றி இறக்கும் சமூக வான் வண்டிச் சேவையை அவள்தான் நடத்தி வந்தாள். யாரை, எங்கே, எத்தனை மணிக்கு ஏற்றுவது என்பதெல்லாம் ஒரு மென்பொருளுக்குள் இருந்தது. விடிந்ததும் அதுவே சாரதிகளின் கைபேசிகளுக்கு வழியை அனுப்பிவிடும்.

அன்று அனுப்பவில்லை. நிறுவனம் கைமாறிவிட்டது, உங்கள் பிரதேசத்துக்கான சேவை நிறுத்தப்பட்டுள்ளது என்று திரையில் ஓர் அறிவிப்பு மட்டும் கிடந்தது.

அதை அவள் வாசித்து முடிக்கவில்லை, தொலைபேசி அடித்தது. பக்கத்து ரொக்ஸ்பரோவிலிருந்து சிவநேசம் ஐயா.

“பிள்ளை, வானைக் காணேல்லை. நான் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசல்லயே நிக்கிறன்.”

“குளிருக்கை நிக்காதேங்கோ ஐயா. உள்ளுக்கை போய் இருங்கோ. இண்டைக்குக் கொஞ்சம் சுணங்கும்.”

வேறு நாட்டிலிருந்த அந்த நிறுவனத்தை அழைத்தாள். அந்த எண்ணை அழுத்து, இந்த எண்ணை அழுத்து என்று இயந்திரக் குரல் அலைக்கழித்தது. கடைசியில், வேலை நாட்கள் ஐந்துக்குள் பதில் வரும் என்றது. தினமும் ஏற்றி இறக்கும் மனிதர்களின் விலாசம், யாருக்குச் சக்கர நாற்காலி, யாருக்குத் துணை வேண்டும் என்பதெல்லாம் யாரோ ஒருவரின் பூட்டுக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியைக் கெஞ்சி அன்றைய விலாசங்களைக் கேட்டு வாங்கி, சாரதிகளை ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லி, ஒருவழியாக வான்களை ஓடவிட்டாள்.

சிவநேசம் ஐயா போய்ச் சேர்ந்தபோது அவருடைய நேரத்தில் பாதி போய்விட்டிருந்தது. இரத்தத்தை அரைகுறையாகச் சுத்திகரித்து அனுப்பிவிட்டார்கள். பின்னேரம் அஜந்தா அழைத்துக் கேட்டபோது, “கால் கொஞ்சம் வீங்கியிருக்கு. பறவாயில்லை பிள்ளை, நாளைக்குத் திரும்பவும் வரச் சொன்னவை” என்றார். அவர் ஏசியிருந்தால் அவளுக்கு மனம் ஆறியிருக்கும்.

போன இலையுதிர் காலத்தில் இதே அலுவலகத்துக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்தும் பிருந்தனும், சென்னையிலிருந்து படிக்க வந்து அவனோடு பங்காளியாகிவிட்ட ஷ்ருதியும். தங்கள் மென்பொருளின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்து மாற்றலாம் என்றார்கள். திறந்த மூல மென்பொருளுக்காகப் பாடுபடும் மொன்றியல்காரர்கள் பலர் அதில் கைகொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். அஜந்தா முகம் கொடுக்கவில்லை.

“தம்பி, இது ஆஸ்பத்திரிக்குப் போற சனத்தின்ர விசயம். எங்கட பெடியள் செய்து பழகுற இடமில்லை. எல்லாருக்கும் திறந்து விட்டால் கள்ளனும் தானே பாப்பான்?”

“பூட்டு எப்பிடி வேலை செய்யுது எண்டதைத்தான் எல்லாரும் பாக்கலாம் அன்ரி. அதைத் திறக்கிற திறப்பு உங்கட கையிலதான் இருக்கும்” என்றான் பிருந்தன். அவளுக்கு அது ஏறவில்லை. பெரிய நிறுவனம், பெரிய பெயர், அதுதான் பாதுகாப்பு என்றிருந்தாள்.

இப்போது அவளே அவர்களை அழைத்தாள். மறுநாள் காலையில் இருவரும் வந்து, நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டு விவரங்களைப் புதிதாகப் பதிந்தார்கள். வார முடிவுக்குள் வான்கள் ஒழுங்காக ஓடின. ஆனாலும் அஜந்தா சூடுகண்ட பூனையாகிவிட்டாள்.

“நாளைக்கு உங்களையும் ஒருத்தன் வாங்கினால் நான் என்ன செய்யிறது?”

“வாங்கட்டுமே அக்கா. இதோட சோர்ஸ் கோட் உங்ககிட்டயே இருக்கும். வேற யாரை வேணும்னாலும் வெச்சு நடத்திக்கலாம்” என்றாள் ஷ்ருதி.

“வாயால சொன்னால் காணாது. உங்களோட போட்டி போடுற ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் கை வைக்காமல், அந்த ஆள் இதில புதுசா ஒண்டு செய்து காட்டட்டும். பேந்து நம்புறன்.”

தன் வாடிக்கையாளரைத் தானே போட்டியாளரிடம் கொண்டுபோய் விடுவதென்றால் யாருக்குத்தான் யோசனை வராது? ஆனால் சொன்ன சொல்லுக்கு நிற்க வேண்டும். பிருந்தன், மொன்றியல் துறைமுகத்து லொறி நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்யும் அக்னெஸை அழைத்தான். போன வருடம் ஒரு நல்ல ஒப்பந்தத்தை அவனிடமிருந்து தட்டிக்கொண்டு போனவள் அவள்.

அக்னெஸ் வந்தாள். சக்கர நாற்காலிக்காரருக்குச் சாய்தளம் உள்ள வான்தான் போக வேண்டும், அந்த வான் பழுதானால் உடனே வேறொன்று மாற வேண்டும் என்று அஜந்தா கேட்டாள். அதுவரை பார்த்தேயிராத மூலநிரலைத் தரவிறக்கி, அந்த வாரமே அதைச் செய்து காட்டினாள் அக்னெஸ். போகிற போக்கில் பிருந்தன் விட்டிருந்த ஒரு பிழையையும் திருத்திக் கொடுத்தாள். அவன் முகம் சிவந்தது. ஆனாலும் “மெர்சி” என்று மனதார நன்றி சொன்னான்.

“இந்த வசதி என் லொறிகளுக்கும் வேண்டும். நானும் எடுத்துக்கொள்கிறேன்” என்றாள் அக்னெஸ் பிரெஞ்சில். “எடுங்கள், அதற்காகத்தானே திறந்து வைத்திருக்கிறோம்” என்று ஷ்ருதி தட்டுத் தடுமாறிய பிரெஞ்சில் பதில் சொன்னாள். அன்று தொடங்கி இரண்டு நிறுவனங்களும் ஒரே மூலநிரலில் வேலை செய்தன. அந்த வேலைக்காக அக்னெஸ் புதிதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டாள்.

வசந்தத்தில் சேவையின் நிர்வாகக் குழு கூடியது. பழைய நிறுவனத்தை வாங்கியவர்கள், சேவையைத் திரும்பவும் தருகிறோம் என்று தூது அனுப்பியிருந்தார்கள். தலைவர் இரவிச்சந்திரனுக்கு அந்தப் பக்கம் ஒரு சாய்வு.

“பெரிய இடம், அஜந்தா. நீங்கள் எங்கட பெடியள் எண்டதுக்காகத்தானே இவையை வைச்சிருக்கச் சொல்லுறியள்?”

அஜந்தா எழுந்து நின்றாள். அவள் குரலில் தடுமாற்றம் இல்லை.

“இல்லை அண்ணை. எங்கட பெடியள் எண்டதுக்காக வேண்டாமெண்டு கலைச்சது நான்தான். அதால சிவநேசம் ஐயா கால் வீங்கிப் படுத்தவர். இண்டைக்கு வேணுமெண்டு சொல்லுறதுக்குக் காரணம் வேறை. இவையளைப் பிடிக்காட்டி நாளைக்கே நாங்கள் வேற ஆளிட்டப் போகலாம். போறதுக்கு வழி விட்டு வைச்சிருக்கிறவனைத்தான் நம்பலாம். வீட்டில குழாய் உடைஞ்சால் ஊரில ஆள் தேடுறம், கடல் தாண்டி ஆள் கூப்பிடுறேல்லை. எங்கட சனத்தின்ர உயிர் தங்கியிருக்கிற சாமானையும் இஞ்சை இருக்கிற ஆக்கள் செய்ய வேணும், அது எல்லாற்றை கண்ணுக்கும் திறந்திருக்க வேணும். பேரைப் பாத்து வாங்கினால் நாங்கள் எண்டைக்கும் கையேந்திக்கொண்டுதான் நிக்க வேணும். திறந்து பாத்து வாங்கினால், நாங்களும் பிழைப்பம், ஊரும் பிழைக்கும்.”

“அப்ப, இவையளையே வைச்சிருக்கச் சம்மதமோ?” என்று இரவிச்சந்திரன் மற்றவர்களைக் கேட்டார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியாக அவரும் தன் கையை உயர்த்தினார்.